கார்போகரிசி

கார்போகரிசி விதையை இரவே ஊறப்போட்டுக் காலையில் மருந்துக்கு அரைத்தால் ஒரு நாற்றம் வரும். வேப்பம்புண்ணாக்கும் சிக்குப்பிடித்த எண்ணெயும் சேர்ந்தது மாதிரி. ஆலங்குடிக்குக் கிழக்கே மூன்று மைலில் இருந்த அந்த ஊரில், கீழத்தெருவில் நுழைந்ததும் அந்த நாற்றம் அடித்தால் அய்யாக்கண்ணு வீடு வந்துவிட்டது என்று அர்த்தம். முன்பு மகளுக்காகப் பன்னிரண்டு வருஷம் அரைத்தார். இப்போது பேத்திக்காக நாலு வருஷமாக அரைக்கிறார்.

மகள் செவந்தி பிறந்தபோது பால் நிறத்தில் இருந்தாள். தலைமயிர் சோளக்கதிர் நார் மாதிரி. கண் வெளிச்சத்தில் நிலைகொள்ளாமல் ஆடியது. அய்யாக்கண்ணு கறுப்பு, அவர் பெண்டாட்டி மீனம்மாள் அவரைவிடக் கறுப்பு. தெருவில் பேசாத பேச்சில்லை. மீனம்மாள் சுவரைப் பார்த்துப் படுத்து அழுதாள். அய்யாக்கண்ணு அழவில்லை. குடுமியான்மலைத் தேருக்குப் போன இடத்தில், காலில் வெள்ளைத் தழும்பு விழுந்த ஒரு ஆளைப் பார்த்தார். கார்போகரிசியை அரைத்துப் பூசி வெயிலில் காட்டிக் காட்டி, வெள்ளைக்குள் பொட்டுப் பொட்டாக நிறம் ஏறியிருந்தது அவனுக்கு. ஒரு சாண் வெள்ளைக்கு இது கேட்குமென்றால் உடம்பு முழுக்க வெள்ளைக்கும் கேட்கும், மருந்தும் வெயிலும் கூடுதலாக வேண்டும், அவ்வளவுதானே என்று அவருக்குப் பட்டது. வைத்தியர் யாரையும் கேட்கவில்லை. புதுக்கோட்டையில் நாட்டுமருந்துக் கடை ஏறி, ஒரு படி வாங்கித் துண்டில் முடிந்துகொண்டு வந்தார்.

வெயில் ஏறியதும் பிள்ளையின் உடம்பு முழுக்கப் பூசி வாசலில் நிற்கவைப்பார். தோல் சிவக்கும், கொப்பளிக்கும், உரியும். மீனம்மாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடப் பார்ப்பாள்.

“பழந்தோலு போனாத்தாண்டி புதுத்தோலு வரும். பாம்பு சட்டை உரிக்கல?” என்பார்.

ஏழாவது வயதில் செவந்தியின் தோளில் கடுகளவில் இரண்டு பழுப்புப் புள்ளிகள் வந்தன. அன்றைக்கு அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு தெரு முழுக்கக் காட்டினார். “நெறம் ஏறுது, பாத்துக்கங்க” என்றார். அய்யனாருக்குப் பொங்கல் வைத்தார். அவள் சமைந்ததும் மருந்து நின்றது. வெயில் நிற்கவில்லை. காட்டு வேலை நின்றால்தானே வெயில் நிற்கும்.

வெள்ளைக்காரன் நாட்டைவிட்டுப் போன வருஷம் அவளுக்குப் பதினாறு வயது. “எல்லாப் பயலும் கப்பலேறிட்டான், ஒன்ன மட்டும் எங்களுக்குக் காவலுக்கு விட்டுட்டா போனான்?” என்று களையெடுக்கும்போது கேட்பார்கள். “தீர்வைய யாரு வசூல் பண்றது? அதுக்குத்தான்” என்று அவளும் சொல்வாள். சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வளர்ந்திருந்தது. அய்யாக்கண்ணுவின் அக்காள் மகன் தங்கமுத்து கடற்கரை மணமேல்குடியிலிருந்து முறைக்கு வந்து கட்டிக்கொண்டு, மாமனார் வீட்டிலேயே தங்கிவிட்டான். மூத்த பிள்ளை தங்கவில்லை. இரண்டாவதாகப் பிறந்த மீனா, செத்துப்போன மீனம்மாளின் பேரைச் சுமந்தவள், தாயை மாதிரியே பால் நிறம். இந்தத் தடவை வீட்டில் யாரும் அழவில்லை. அய்யாக்கண்ணு அம்மியைக் கழுவிவைத்தார்.

சுதந்திரம் வந்து பன்னிரண்டாவது வருஷம், சித்திரை. கிணற்றுப் பாசனத்தில் போட்ட கடலை முற்றிவிட்டது. முதல்நாள் தண்ணீர் காட்டி ஈரம் சுவறிய செம்மண்ணில் ஆட்கள் உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்தார்கள். செடியை அடியில் கொத்தாகப் பிடித்து, லேசாகத் திருகி, இழுத்து, குதிகாலில் ஒரு தட்டுத் தட்டினால் மண் உதிரும், கடலை ஆடும். நிரை வடக்கே தொடங்கித் தெற்கே போகும். அதனால் காலை வெயில் முழுக்க இடது கன்னத்தில் விழும். செவந்தி இடது கண்ணை மூடிக்கொண்டே வேலை செய்வாள்.

“ஏய் தொரசாணி, கன்னத்துல என்னடி ரத்தம்?” என்றாள் பக்கத்து நிரையில் இருந்த அழகி.

“வேர்வையத் தொடச்சேன். பொருக்குப் பிஞ்சிருச்சு.”

“போன கடலைக்கும் இதே பொருக்குத்தானடி பிஞ்சுச்சு?”

“அதேதான். உரியுது, மூடுது, மறுக்கா உரியுது. எங்கப்பு தோலு மாறுற பக்குவம்ங்கிறாரு.”

“இருவத்தெட்டு வருசமாவா மாறுது? பாம்புகூடச் சட்டையக் கழட்டிப் போட்டுட்டு வளைக்குள்ள போயிருது. ஒன்னைய மட்டும் ஒங்கப்பு விட மாட்டேங்கிறாரு.” அழகி மண் விரலைச் சேலையில் துடைத்துவிட்டு அந்த இடத்தைத் தொட்டாள். “என்னடி இது, கருக்கருவா பல்லு மாதிரி அறுக்குது!”

செவந்தி முந்தானையைக் கன்னத்தில் அழுத்திக்கொண்டாள். முந்தானையில் ஏற்கெனவே நாலைந்து இடத்தில் பழைய கறை இருந்தது. அதை அழகி பார்த்தாள். எழுந்து நின்று, செடி சுமந்துகொண்டிருந்த தங்கமுத்துவைக் கூப்பிட்டாள்.

“ஓய் மணமேக்குடியாரே! கடலைச் செடியப் பாத்தது போதும். ஒம்ம பொண்டாட்டி மூஞ்சிய ஒருக்காப் பாரும்.”

தங்கமுத்து சுமையை இறக்கிவிட்டு வந்து பார்த்தான். அவனும் ரெண்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். வெட்டவெளியில், இன்னொருத்தி விரலை வைத்துக் காட்டியபோதுதான் அது எவ்வளவு பெரிசு என்று தெரிந்தது. அரையணாக் காசு அகலம்.

“நாளைக்கு எட்டு மணி பஸ்ஸுல புதுக்கோட்டை போறோம்” என்றான்.

“செடி கெடக்கே மச்சான்.”

“கெடக்கட்டும்.”

மறுநாள் அவர்கள் கிளம்பும்போது அய்யாக்கண்ணு அம்மிக்கு முன்னால் குந்தியிருந்தார். குழவி போய்வந்தது. மீனா உடுப்பைக் கழற்றிவிட்டு, கையில் ஐந்து கூழாங்கல்லோடு தயாராக நின்றாள். அவளுக்கு இருபதுவரைதான் எண்ணத் தெரியும். இருபது எண்ணினால் ஒரு கல்லைக் கீழே போட வேண்டும். ஐந்து கல்லும் விழுந்தால் நூறு. அதுவரை யார் கூப்பிட்டாலும் அசையக் கூடாது. அய்யாக்கண்ணு பழக்கிய பழக்கம் அது.

“பொருக்குக்கு ஆசுபத்திரியா மாப்பிள? பிடுங்குன செடிய மாடு மேஞ்சா ஆரு கேக்குறது?”

“ரெண்டு வருசமா ஆறல மாமா.”

“ஆறாது. ஆறிப்போச்சுன்னா நெறம் எங்கிட்டு ஏறும்? ஒங்களுக்குக் கருவாடு காயவைக்கத் தெரியும். தோலப் பத்தி என்ன தெரியும்?”

“கருவாடும் வெயில்லதான் மாமா காயுது” என்றான் தங்கமுத்து. சிரித்துக்கொண்டேதான் சொன்னான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

புதுக்கோட்டைப் பெரியாஸ்பத்திரியில் சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, உள்ளே போகப் பதினோரு மணி. டாக்டர் ஆத்மநாதன் மூக்குக்கண்ணாடிக்கு மேல் இன்னொரு பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு பார்த்தார். கன்னம், காது, உதடு, கழுத்து, இரண்டு முன்கைகள். கழுத்தின் பக்கத்தில் விரலால் அழுத்திக் கட்டி ஏதும் தட்டுப்படுகிறதா என்று தேடினார். அங்கே ஒன்றும் இல்லை என்று அவர் முகம் சொன்னது. அதன்பிறகுதான் பேசினார்.

“கன்னத்துல ஒண்ணு, காதுல ஒண்ணு, கையில மூணு. இன்னைக்கே எடுத்துடலாம்.”

“புத்துநோயாங்க?” என்றான் தங்கமுத்து.

“இன்னும் ஆகலைன்னு நினைக்கிறேன். ஆகப்போற இடம். விட்டா ஆகும். கன்னத்துல இருக்கறதுமேல மட்டும் எனக்குக் கொஞ்சம் சந்தேகம். சுரண்டி எடுத்து மெட்ராஸுக்கு அனுப்பறேன். காகிதம் வர மூணு வாரம் ஆகும்.”

மரத்துப்போகிற ஊசி போட்டார்கள். சின்னக் கரண்டி மாதிரி ஒன்றால் சுரண்டினார்கள். பிறகு கம்பி முனையால் சுட்டார்கள். மயிர் பொசுங்கின வாடை வந்தது. செவந்தி கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். தங்கமுத்துவுக்குத்தான் கண் இருட்டிக்கொண்டு வந்தது. நர்ஸ் அவனைப் பெஞ்சில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

“அறுத்தது ஒங்களையா என்னையவா?” என்று கேட்டாள் செவந்தி, பாதி வாயால்.

கட்டுப் போட்டு முடிந்ததும் டாக்டர் எதிரே உட்கார்ந்தார்.

“எல்லாம் வெயில் பண்ணின வேலை. நமக்கெல்லாம் தோலுக்குள்ளயே ஒரு சட்டை இருக்கு, அந்தக் கறுப்புதான் சட்டை. உங்களுக்குப் பிறவியிலேயே அது இல்லை. நீங்கதான் மேல ஒண்ணு போட்டுக்கணும். முழுக்கைச் சட்டை, தலைக்குத் துணி, இந்த வெள்ளைக் களிம்பு. காலைல ஒன்பது மணிக்குள்ள வெளிவேலைய முடிச்சுக்கணும், மறுபடி நாலு மணிக்கு மேல. சின்ன வயசுலேருந்தே வெயில்ல வேலையா?”

“வேலைன்னு இல்லங்க. மருந்து போட்டு வெயில்ல நிக்கவைப்பாரு எங்கப்பு. கார்போகரிசி.”

டாக்டர் பேனாவை மூடிவைத்தார்.

“எத்தனை வருஷம்?”

“பன்னெண்டு வருசங்க.”

“அது வெள்ளைத் தழும்புக்குப் போடறதும்மா. அவங்களுக்குச் சுத்தியிருக்கற தோல்ல நிறம் இருக்கும். மருந்தும் வெயிலும் அதை எழுப்பிக் கொண்டுவரும். உங்களுக்கு எழுப்பறதுக்கு உள்ள ஆளே இல்லை. ஆளில்லாத வீட்டுக் கதவைப் போட்டு இடிச்சிருக்கார். அந்த மருந்து வெயிலை இன்னும் உள்ள இறக்கும்.”

செவந்தி தன் முன்கையைப் பார்த்தாள். பழுப்புப் புள்ளிகள் எண்ணமுடியாத அளவுக்கு இருந்தன. “அப்ப இந்தப் புள்ளியெல்லாம்? நெறம் ஏறுதுன்னு…”

“வெயில் சுட்ட தழும்பு.”

அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

“இப்ப எம் மகளுக்கும் போடுறாருங்க.”

“உங்களை மாதிரியே இருக்காளா?”

“அப்படியே. அஞ்சு வயசு. நாங்க பஸ்ஸேறுறப்ப அரைச்சுக்கிட்டு இருந்தாரு.”

டாக்டரும் எழுந்துவிட்டார். “உங்களுக்கு நான் செய்யறது ஒட்டுப்போடற வேலை. இன்னும் புதுசு புதுசா வரும். மூணு மாசத்துக்கு ஒருதரம் வாங்க, வர வர எடுத்துக்கிட்டே இருக்கணும். உங்க மகளுக்கு அப்படி இல்லை. இப்ப நிறுத்தினா வராமலே தடுக்கலாம். அதுக்கு நான்கூட வேண்டாம். நிழல் போதும்.”

“கடலைக் காட்டுல நிழலுக்கு எங்கங்க போறது?” என்றான் தங்கமுத்து.

“எனக்குத் தெரியலைப்பா. அதை நீங்கதான் பாக்கணும்” என்றார் டாக்டர்.

திரும்பும் பஸ்ஸில் தங்கமுத்து ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். வெளியே முந்திரிக்காடு ஓடியது.

“மாமாகிட்ட ஆரு சொல்றது?”

“நீங்க சொன்னா சண்டையாப் போயிரும். நாந்தான் சொல்லணும்.”

“சொல்லித்தான் ஆகணுமா? மருந்து மூட்டைய எடுத்து ஒளிச்சு வச்சிட்டா?”

“வெயில எங்க ஒளிச்சு வைப்பீங்க?”

வீட்டுக்கு வரும்போது வெயில் தாழ்ந்திருந்தது. அய்யாக்கண்ணு தனியாளாக எட்டு நடை நடந்து செடி முழுவதையும் சுமந்து வந்து வாசலில் குவித்திருந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். உள்ளே மீனா குப்புறப்படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். முதுகு சிவந்து கிடந்தது.

மகளின் கட்டைப் பார்த்ததும் கிழவருக்கு ஆத்திரம் வந்தது. “கன்னத்தக் கிழிச்சு அனுப்பிட்டானா? நாந்தான் சொன்னேன்ல.”

“அப்பு, இனிமே பிள்ளைக்கு மருந்து போடாதீங்க.”

“ஏன்?”

“வெயில்லயும் நிப்பாட்டாதீங்க. வெயிலுதான் என்னைய இப்படிப் பண்ணியிருக்கு. மருந்து அத எச்சா உள்ள எறக்கியிருக்கு. விட்டா புத்தா ஆயிருமாம்.”

அய்யாக்கண்ணு சிரித்தார். “வெயிலு பண்ணுச்சாம்ல! ஊரு சனம் பூராம் வெயில்லதானே கெடக்கு? எனக்கு என்ன பண்ணுச்சு?”

“ஒங்களுக்குத் தோலுக்குள்ள சட்டை இருக்கு. எனக்கு இல்ல. எம் பிள்ளைக்கும் இல்ல.”

“அந்த டாக்டருக்கு என்ன வயசு இருக்கும்? நான் குடுமியான்மலையில கண்ணால பாத்தவன். ஒனக்கே வந்துச்சே. தோள்ல புள்ளி வந்துச்சா இல்லையா? தெருவே பாத்துச்சா இல்லையா?”

“அது வெயிலு சுட்ட தழும்பு அப்பு. நெறமில்ல.”

“நெறந்தான்!” கிழவர் குரல் தெருவரை கேட்டது. “பன்னெண்டு வருசம் ஒரு நா தப்பாம அரைச்சவன் நானு. பொண்டாட்டி செத்த பதினாறுக்குள்ளகூட அரைச்சேன். நேத்து வந்தவன் சொல்றான், நீ கேட்டுக்கிட்டு வந்து நிக்கிற. மாப்பிள, நீங்க சொல்லிக் குடுத்ததா இதெல்லாம்?”

தங்கமுத்து செடிக் குவியலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

செவந்தி கிழவருக்கு எதிரே உட்கார்ந்தாள். இடது கையை நீட்டி, ரவிக்கைக் கையைத் தோள்வரை சுருட்டிவிட்டாள்.

“தடவிப் பாருங்க.”

அவள் சமைந்த நாளிலிருந்து அய்யாக்கண்ணு மகளைத் தொட்டதில்லை. தயங்கினார். பிறகு உள்ளங்கையை அவள் கையில் வைத்து மேலிருந்து கீழே இழுத்தார். “ஒண்ணும் தெரியல” என்றார். மெய்தான். மண்வெட்டியும் கிணற்றுக் கமலை வடமும் பிடித்த உள்ளங்கை அது. அதற்குத் தணல்கூடத் தாமதமாகத்தான் தெரியும்.

“புறங்கையால தடவுங்க.”

கையைத் திருப்பினார். முன்கையில் கட்டில்லாத இடமெல்லாம் பலாக்கொட்டைத் தோல் காய்ந்த மாதிரி சொரசொரத்தது. மேலே போனார். ரவிக்கை மூடுகிற இடம் வந்ததும் கை வழுக்கிக்கொண்டு போனது. வாழைக்குருத்து மாதிரி. தோளில் இருந்த அந்தப் பழைய இரண்டு புள்ளியைத் தவிர அங்கே வேறு புள்ளி இல்லை. மறுபடி கீழே வந்தார், மறுபடி மேலே போனார்.

“மருந்த ரெண்டு எடத்துக்கும்தானே போட்டீங்க? பதிமூணு வயசுல மேல துணி மூடுச்சு. அங்க வெயிலு நின்னுபோச்சு. கீழ நிக்கல. அம்புட்டுத்தான் அப்பு வித்தியாசம்.”

அய்யாக்கண்ணு எழுந்து உள்ளே போனார். பேத்தியின் முதுகில் புறங்கையை வைத்தார். இறக்கிவைத்த கஞ்சிப்பானை மாதிரிச் சுட்டது. தூக்கத்தில் பிள்ளை முனகினாள். “பதினெட்டு… பத்தொம்போது…” கிழவர் கையை எடுத்துக்கொண்டார்.

வெளியே வந்து, மகளைப் பார்க்காமல் கேட்டார். “ஒங்க ஆத்தா ஒன்னையத் தூக்கிக்கிட்டு ஓடுவாளே.”

“ஆமா.”

“ஒருதரம் முந்திரிக்காட்டுவரைக்கும் ஓடிட்டா. அன்னைக்கு நான் அவள அடிச்சேன் செவந்தி. கமலைக் கயித்தால அடிச்சேன்.”

“தெரியும். பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்.”

அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. தங்கமுத்து தட்டை வைத்துவிட்டு, “மாமா, கருவாட்டுக் கொழம்பு” என்றான். அவர் தட்டை லேசாகத் தள்ளிவைத்தார். கோபமாகத் தள்ளவில்லை.

விடிந்தும் விடியாமலும் செவந்தி காட்டுக்குக் கிளம்பினாள். தங்கமுத்து கலியாணத்துக்குத் தைத்த முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டிருந்தாள். தலையில் துண்டு. கன்னத்தில் கட்டு, மற்ற இடத்தில் வெள்ளைக் களிம்பு.

“அடியாத்தி! தாசில்தாரு கடலை பிடுங்க வந்திருக்காரு!” என்று அழகி நிரையிலிருந்தே கத்தினாள். நாலைந்து பேர் எழுந்துநின்று சிரித்தார்கள்.

“தாசில்தாருதான். வேலைய ஒழுங்காப் பாரு, எழுதிப் போட்டுருவேன்.”

“என்ன சொன்னான்டி டாக்டரு?”

செவந்தி பிடுங்கிக்கொண்டே சொன்னாள். அழகி சிரிப்பை நிறுத்தி முழுவதையும் கேட்டாள். குதிகாலில் செடியைத் தட்டினாள். பிறகு சொன்னாள். “ஒம்போது மணிக்கு நீ தென்னமரத்தடிக்குப் போயிரு. அங்கன குந்திச் செடியிலேருந்து கடலை ஆய்ஞ்சுக்கிட்டு இரு. என் பங்குச் செடியையும் நீயே ஆயி. ஒன் நெரைய நான் பிடுங்குறேன்.”

“ரெண்டு நெரைய எப்படிடி பிடுங்குவ?”

“சும்மாவா பிடுங்குறேன்? மணமேக்குடிக் கருவாடு ஒரு கட்டு வேணும். நெத்திலி குடுத்து ஏமாத்தக் கூடாது, சொல்லிப்புட்டேன்.”

வீட்டில் அய்யாக்கண்ணு இருட்டோடு எழுந்துவிட்டிருந்தார். மீதமிருந்த கார்போகரிசியைக் குப்பைக்குழியில் கொட்டி, கோழி கிளறாமல் மண்ணைத் தள்ளி மூடினார். அம்மியைச் சாம்பல் போட்டு மூன்று தடவை தேய்த்தார். நாற்றம் போகவில்லை. கல்லுக்குள் ஏறியிருந்தது.

வெயில் வாசலுக்கு வந்தது. மீனா எழுந்துவந்து, உடுப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஐந்து கூழாங்கல்லையும் கைக்குள் பிடித்துக்கொண்டு, தான் எப்போதும் நிற்கிற இடத்தில் போய் நின்றாள். நாலு வருஷமாக நின்று நின்று அந்த இடத்தில் மண் குழிந்திருந்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டினாள்.

“ஆத்தா, உள்ள வா” என்றார் அய்யாக்கண்ணு.

“மருந்து?”

“தீந்துபோச்சு.”

“அப்ப வெயிலு மட்டும் காட்டுறேன்.”

“வேணாம்டா. வா.”

அவள் வரவில்லை. “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று தொடங்கிவிட்டாள். தொடங்கிவிட்டால் யார் கூப்பிட்டாலும் அசையக் கூடாது. கிழவர் ஓடிப்போய்த் தூக்கப் பார்த்தார். முதுகில் கை பட்டதும் அவள் எரிச்சலில் வீறிட்டாள். உடனே விட்டுவிட்டார். அழுகைக்கு நடுவிலும் அவள் எண்ணிக்கையை விடவில்லை.

அய்யாக்கண்ணு சுற்றிப் பார்த்தார். பிறகு கிழக்குப் பக்கமாகப் போய், சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவளுக்கு முன்னால் நின்றார். நின்றது போதவில்லை. தோள் துண்டை எடுத்து இரண்டு கையாலும் அகலமாக விரித்துப் பிடித்தார். அவர் நிழல் பிள்ளையின் காலிலிருந்து தலைவரை ஏறியது.

மீனா கண்ணைத் திறந்தாள்.

“தள்ளு தாத்தா. வெயிலு மேல படல.”

“படாது.”

“அப்ப நெறம் ஏறாதே?”

“ஏறாது. நீ எண்ணு ஆத்தா.”

முதல் கல் விழுந்தது. அவள் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினாள். கிழவரும் அந்தப் பக்கம் சாய்ந்துகொண்டார். இரண்டாவது விழுந்தது. துண்டு பிடித்த கை வலித்தது. அவர் இறக்கவில்லை. ஐந்தாவது கல் விழும்வரை வெயில் அவர் முதுகில் ஏறிக்கொண்டிருந்தது.